வெள்ளவத்தைப் புகையிரத நிலையம்

பெரும் புகையிரத நிலையங்களின் வரலாற்றை எழுதுவோர் பலர். கொழும்புக் கோட்டை நிலையமும் மருதானை நிலையமும் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளுள் எழுந்த பெருங் கட்டடங்கள். அவற்றின் முகப்பையும் மேடைகளையும் வியந்து பேசாதார் இலர். ஆயினும், புகையிரதப் பாதையொன்றின் உண்மையான பயனை அறிய விரும்புவோர் பெரிய நிலையத்தில் நின்று பார்த்தல் போதாது. நாள்தோறும் அதே முகங்கள் வந்து, அதே வண்டியில் ஏறி, மாலையில் அதே மேடையில் இறங்கிச் செல்லும் சிறு நிலையமொன்றையே நாடவேண்டும். அத்தகைய நிலையங்களுள் ஒன்று, கொழும்பு மாநகரின் தென்னெல்லையில், கடலலையின் ஓசை ஓயாது கேட்கும் இடத்தில் அமைந்துள்ள வெள்ளவத்தை நிலையமாகும்.

கோட்டையிலிருந்து தெற்கே ஏறத்தாழ 5 மைல், அஃதாவது 8 கிலோமீற்றர் தூரத்தில் இந்நிலையம் உள்ளது. கோட்டையை விட்டுப் புறப்படும் வண்டி முதலில் பேரை வாவியின் ஓரமாகச் சென்று கொம்பனித்தெருவை அடையும். அங்கிருந்து மேற்கே திரும்பிக் கொள்ளுப்பிட்டியில் கடலைக் காணும். அதன் பின் பம்பலப்பிட்டி, அடுத்து வெள்ளவத்தை, அதற்கப்பால் தெகிவளை, கல்கிசை, இரத்மலானை எனப் பாதை நீளும். வெள்ளவத்தை என்னும் பெயர் சிங்கள மொழிக்குரியது. மணலைக் குறிக்கும் சொல்லும் தோட்டத்தைக் குறிக்கும் சொல்லும் சேர்ந்து அமைந்தது. மணற்பாங்கான தென்னந்தோட்டமாயிருந்த ஒரு நிலம் ஒரு நூற்றாண்டுக்குள் வீடுகள் நெருங்கிய நகர்ப்பகுதியாக மாறியமைக்கு இருப்புப்பாதை ஒரு முதன்மையான காரணம்.

இலங்கையிலே புகையிரதம் வந்த வரலாறு கோப்பிப் பயிரோடு தொடங்குகின்றது. மலைநாட்டிற் கோப்பி பயிரிட்ட ஆங்கிலத் தோட்டத்துரைமார், தம் விளைபொருளை மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்புவதில் பெருங் காலத்தையும் பொருளையும் இழந்தனர். அவர்களுடைய வேண்டுகோளின் பயனாக 1845 ஆம் ஆண்டில் இலங்கைப் புகையிரதக் கம்பெனி அமைந்தது. 1858 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 3 ஆம் திகதி தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கி வைத்தார். எனினும் செலவுக் கணக்கு எல்லை கடந்து போகவே, கம்பெனியிடமிருந்து அரசாங்கமே அவ்வேலையைப் பொறுப்பேற்க நேர்ந்தது. மோல்ஸ்வேர்த் என்னும் பொறியியலாளரின் மேற்பார்வையில் பாதை அமைந்து, 1864 ஆம் ஆண்டு டிசெம்பர் 27 ஆம் திகதி முதல் வண்டி ஓடியது. 1865 ஒக்டோபரில் அம்பேபுசை வரையுள்ள 54 கிலோமீற்றர் பாதை போக்குவரவுக்குத் திறக்கப்பட்டது. 1867 இல் வண்டி கண்டியை அடைந்தது.

கண்டிப் பாதை கோப்பிக்காகப் போடப்பட்டது. கரையோரப் பாதையின் நிலை வேறு. கொழும்பிலிருந்து தென்கரை வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையின் இருமருங்கும் ஊர்கள் தொடர்ந்து நெருங்கியிருந்தன. மொறட்டுவையில் தச்சர் மலிந்திருந்தனர். பாணந்துறையிலும் களுத்துறையிலும் தென்னையும் சாராயத் தொழிலும் செழித்தன. கரை நெடுகிலும் மீனவர் குடியிருப்புகள் இருந்தன. இவர்கள் யாவரும் கொழும்புக்குப் போய் வருவோர். பாதை 1877 ஆம் ஆண்டிற் பாணந்துறையையும் 1879 இற் களுத்துறையையும் எட்டியது. பின்னர்ப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் களுத்துறையோடு நின்று, 1890 இற் பெந்தோட்டைப் பகுதிக்கும், 1894 இற் காலிக்கும், 1895 இல் மாத்தறைக்கும் சென்றது. மாத்தறையே நூறாண்டுக்கு மேலாக இப்பாதையின் முடிவிடமாய் இருந்தது. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலேதான் பெலியத்தை வரை அது நீட்டப்பட்டது.

இங்கே ஒரு செய்தி கருதத்தக்கது. காலியே முன்னாளில் இந்நாட்டின் பெருந் துறைமுகம். ஐரோப்பாவிலிருந்து கீழ்த்திசை நோக்கிச் சென்ற நீராவிக் கப்பல்கள் அங்கே தங்கிச் சென்றன. காலிக்கும் கொழும்புக்கும் இடையே குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடியது. ஆயின் கொழும்பிலே 1875 இல் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டப்பட்டு, பத்தாண்டுகளில் அது நிறைவேறியதும் கப்பல்கள் கொழும்பை நாடின. 1894 இற் புகையிரதம் காலியை அடைந்தபோது அந்நகரின் கப்பற் பெருமை குன்றிவிட்டது. ஆகவே, கப்பற் சரக்கை எதிர்பார்த்திருந்தால் கரையோரப் பாதை நட்டத்திலே முடிந்திருக்கும். அதனைக் காத்தவர்கள் காலையிலும் மாலையிலும் சிறு தூரம் பயணஞ் செய்த சாதாரண மக்களே. புறநகர்ச் சேவை என இன்று சொல்லப்படுவது இவ்வாறு வேரூன்றியது.

வெள்ளவத்தையைப் பொறுத்தவரை முதலில் வந்தது தொழிற்சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கால்வாய்க்கு அண்மையில் நூல் நூற்று ஆடை நெய்யும் ஆலை ஒன்று நிறுவப்பட்டது. இலங்கையின் மிகப் பெரிய நெசவாலையாக அது நெடுங்காலம் விளங்கியது. தென்னிந்தியாவிலிருந்து, சிறப்பாக மலையாள நாட்டிலிருந்து, வந்த தொழிலாளர் பலர் அங்கே வேலை செய்தனர். 1933 ஆம் ஆண்டில் அவ்வாலையில் நடந்த வேலைநிறுத்தம் நாட்டின் தொழிலாளர் இயக்க வரலாற்றில் இடம்பெற்றது. அவ்வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்ற கொல்வின் ஆர். டி சில்வா முதலிய இளைஞர் 1935 ஆம் ஆண்டில் இலங்கைச் சமசமாஜக் கட்சியை அமைத்தனர். ஆலைச் சங்கும் புகையிரதத்தின் ஊதலும் ஓர் ஊரின் நேரத்தை வகுத்த காலம் அது.

அடுத்து வந்தவர்கள் அரசாங்க உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துக்கு இருப்புப்பாதை 1905 ஆம் ஆண்டிலே முழுமையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் வடபகுதியார் கொழும்புக்கு வருவதாயின் கடல் வழியாகவேனும் வன்னிக் காட்டுப் பாதையூடாகவேனும் பல நாள் வருந்தி வரவேண்டும். இருப்புப்பாதை வந்த பின் மாலையில் ஏறியவர் மறுநாட் காலையிற் கோட்டையில் இறங்கினார். ஆங்கிலக் கல்வி கற்ற இளைஞர் கச்சேரிகளிலும் திறைசேரியிலும் தபாற் கந்தோரிலும் புகையிரதத் திணைக்களத்திலும் எழுதுவினைஞராகச் சேர்ந்தனர். அவர்களுக்கு உறைவிடம் வேண்டியிருந்தது. கோட்டைக்கு அண்மையில் வாடகை மிகுதி, கறுவாத்தோட்டம் செல்வர்க்குரியது. வெள்ளவத்தையிலோ காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் வீடுகள் கிடைத்தன. புகையிரதமும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

திருமணமாகாத உத்தியோகத்தர் சிலர் கூடி ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, செலவைப் பகிர்ந்து வாழ்ந்தனர். இவ்வாழ்க்கையைச் 'சமறி' என்று அக்காலத்தார் அழைத்தனர். மணமானோர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேறினர். அவர்களைத் தொடர்ந்து சைவ உணவுச் சாலைகளும், பலசரக்குக் கடைகளும், புத்தகக் கடைகளும் வந்தன. இராமகிருஷ்ண சங்கத்தின் நிலையமும் அப்பகுதியிலேயே அமைந்தது. ஆடிவேல் விழாக் காலத்திற் செட்டியார் தெருவிலிருந்து புறப்படும் வேற்பெருமானின் தேர்கள் பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் எழுந்தருளின. கொழும்பு 6 என்று தபாற் பிரிவில் வழங்கும் இப்பகுதி தமிழர் செறிந்து வாழும் இடமாயிற்று. எனினும் அது ஓரினத்தார்க்கு மட்டும் உரிய ஊர் அன்று. சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியர், மலாயர் யாவரும் அங்கே அயலவராய் வாழ்ந்தனர். மேடையிலே வண்டிக்குக் காத்து நின்றவர்களும் அவர்கள் யாவருமே.

சிறு நிலையமொன்றின் வேலை எளிதானதென நினைத்தல் தவறு. நிலைய அதிபரின் அறையே அதன் இருதயம். பாதை இரட்டையாயிருந்தாலும் ஒரு பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு வண்டியே இருத்தல் வேண்டும் என்பது புகையிரத விதி. பம்பலப்பிட்டி நிலையம் தன் பக்கத்து வண்டியை அனுப்புமுன் வெள்ளவத்தையின் இசைவைப் பெறவேண்டும். மணியொலிக் குறிப்புகளால் கேள்வியும் மறுமொழியும் பரிமாறப்படும். முன்சென்ற வண்டி முழுமையாகக் கடந்துவிட்டது என்பதை, அதன் கடைசிப் பெட்டியில் உள்ள அடையாளத்தைக் கண்ணாற் கண்டு உறுதி செய்த பின்னரே அடுத்த வண்டிக்கு வழிவிடலாம். நெம்புகோலை இழுத்தால் கம்பி இழுபட்டுக் கைகாட்டி தாழும். பிற்காலத்திற் கொழும்பைச் சூழ்ந்த பாதைகளில் வண்ண ஒளிச் சமிக்ஞைகள் வந்தன. மணியும் கைகாட்டியும் மெல்ல மறைந்தன. கண்காணிப்பு மட்டும் மறையவில்லை.

பிரயாணச்சீட்டும் தனி வரலாறு உடையது. சிறிய தடித்த அட்டையில், புறப்படும் இடமும் சேரும் இடமும் வகுப்பும் கட்டணமும் வரிசை எண்ணும் அச்சிட்ட அச்சீட்டு, 1830களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் தோமஸ் எட்மண்ட்சன் என்பார் வகுத்த முறையைச் சார்ந்தது. சிறு பொறியொன்றில் அட்டையை இட்டு அழுத்தத் திகதி பதியும். வரிசை எண் இருத்தலால் நாள் முடிவில் எத்தனை சீட்டு விற்றது என்பதைக் கணக்கிட்டு, பெட்டியிலுள்ள பணத்தோடு ஒப்பிடலாம். இங்கிலாந்தில் அம்முறை மறைந்த பின்னரும் இலங்கையில் அது நெடுங்காலம் நிலைத்தது. இருபத்தோராம் நூற்றாண்டிலும் வெளிநாட்டார் அவ்வட்டைகளை வியந்து வாங்கிச் சென்றதுண்டு.

ஆனால் வெள்ளவத்தை போன்ற நிலையத்துக்கு உயிர்நாடி அவ்வட்டையன்று, பருவகாலச் சீட்டேயாம். ஒரு மாதத்துக்கோ அதற்கு மேற்பட்ட காலத்துக்கோ முற்பணம் கட்டிப் பெறும் அச்சீட்டு, நாள்தோறும் சீட்டு வாங்குவோர் கொடுப்பதிலும் மிகக் குறைந்த செலவில் போக்குவரவை அளித்தது. சிறு சம்பளக்காரர் நகரின் நடுவே வாடகை கொடுத்து வாழ வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டமைக்கு இதுவே காரணம். பருவகாலச் சீட்டு வைத்திருப்போர்க்குள் ஒரு தனி உறவும் வளர்ந்தது. குறித்த வண்டி, குறித்த பெட்டி, குறித்த இருக்கை என்று அவர்கள் பழகிக்கொண்டனர். ஒரு நாள் ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரிப்பர். ஒருவர் பத்திரிகை வாங்கினால் நால்வர் படிப்பர். திணைக்களச் செய்திகளும், திருமணப் பேச்சுகளும், அரசியல் வாதங்களும் கொள்ளுப்பிட்டிக்கும் கோட்டைக்கும் இடையே நடந்து முடிந்தன.

வண்டிகளும் காலந்தோறும் மாறின. நெடுங்காலம் நீராவி இயந்திரங்களே பெட்டிகளை இழுத்தன. கடற்காற்றோடு கரிப்புகையும் கலந்து வெள்ளை உடையிற் படியும். கண்ணிற் கரித்தூள் விழும். 1938 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து மூன்று டீசல் தொடர்வண்டிகள் வந்தன. வெள்ளி நுரை, வெள்ளித் தூவானம், வெள்ளி மூடுபனி எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர்கள் அவற்றுக்குச் சூட்டப்பட்டிருந்தன. கடலோரத்திற்குப் பொருத்தமான பெயர்கள் அவை. 1954 ஆம் ஆண்டு தொடக்கம் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடாவிலிருந்து டீசல் இயந்திரங்கள் வந்து, கனடிய மாகாணங்களின் பெயர்களைத் தாங்கி ஓடின. பின்னர் ஜேர்மனி, யப்பான், சீனா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து தொடர்வண்டிகள் வந்துசேர்ந்தன.

இம்மாற்றத்தை முன்னின்று நடத்தியவர் பி. டி. இரம்பால அவர்கள். 1955 ஆம் ஆண்டிற் புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளர் பொறுப்பை ஏற்ற அவர், 1970 வரை அப்பதவியை வகித்தார். அவர் காலத்திலேதான் 1955 ஒக்டோபரில் 'உறுகுணு குமாரி' கோட்டைக்கும் மாத்தறைக்கும் இடையே ஓடத் தொடங்கியது. 1956 ஏப்பிரலில் 'யாழ்தேவி' காங்கேசன்துறையை நோக்கிப் புறப்பட்டது. தூர இடங்களுக்குச் செல்லும் விரைவு வண்டிகளிற் பல வெள்ளவத்தையில் நிற்பதில்லை. அவை ஒரு கணம் மேடையை அதிரச் செய்து கடந்து போகும். சிறு நிலையத்திற் காத்திருப்போர்க்கு அது பழகிப்போன காட்சி. அவர்களுக்குரிய வண்டி மொறட்டுவையிலிருந்தோ பாணந்துறையிலிருந்தோ அளுத்கமையிலிருந்தோ ஒவ்வொரு நிலையமாக நின்று நின்று வருவதாகும். அவ்வண்டிகளுள் சில கோட்டையோடு முடியாமல் மருதானையைக் கடந்து இராகமை, கம்பகா, பொல்காவலை வரை சென்றன. இவ்வாறு கடற்கரையும் உள்நாடும் ஒரே சேவையால் இணைந்தன.

யாழ்தேவியிலோ இரவு அஞ்சல் வண்டியிலோ கோட்டையில் வந்திறங்கும் வடபகுதிக் குடும்பத்தின் பயணம் அங்கே முடிவதில்லை. பனங்கட்டிக் குட்டானும் ஒடியலும் நிறைந்த பெட்டிகளோடும், மாம்பழக் கடகங்களோடும், நித்திரை கலையாத குழந்தைகளோடும் அவர்கள் மேடை மாறிக் கரையோர வண்டியில் ஏறுவர். கால் மணி நேரத்துக்குச் சற்று மேலே செல்ல, வெள்ளவத்தை வரும். ஓராண்டில் கிடைக்கும் சில இலவசப் பிரயாண ஆணைகளைக் கொண்டு சித்திரைப் புத்தாண்டுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் ஊர் சென்று மீண்ட உத்தியோகத்தர்க்கு, அச்சிறு நிலையமே இரண்டாவது ஊரின் வாயிலாயிற்று.

புறநகர்ப் புகையிரதச் சேவை முழுவதும் ஓர் எண்ணத்தின் மேல் நிற்பது. காலையிற் போனவர் மாலையில் திரும்பி வருவர் என்பதே அது. பருவகாலச் சீட்டின் பொருளும் அதுதான். வெள்ளவத்தையின் வரலாற்றில் அந்நம்பிக்கை பல தடவை குலைந்தது.

1953 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி, அரிசி விலையேற்றத்தை எதிர்த்து நாடெங்கும் ஹர்த்தால் நடந்தபோது கரையோரப் பாதை அதன் முதன்மையான களங்களுள் ஒன்றாயிற்று. வண்டிகள் மறிக்கப்பட்டன, சில இடங்களிற் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. அது மக்கள் அரசாங்கத்தோடு பிணங்கிய பிணக்கு. இனத்தோடு இனம் மோதியதன்று. மூன்றாண்டின் பின், 1956 இல், சிங்களம் மட்டும் அரசகரும மொழியெனச் சட்டம் நிறைவேறியது. எழுதுவினைஞராய் வாழ்ந்த குடும்பங்களின் வாழ்வில் அது நேரே புகுந்தது. நடுவயதில் புதுமொழியிற் சோதனை எழுதித் தேறவேண்டிய நிலை ஏற்பட்டது. சிலர் காலத்துக்கு முன்னரே ஓய்வு பெற்றனர். சிலர் கடல் கடந்தனர். காலை வண்டியிற் பழகிய முகங்கள் சில காணாமற் போயின. 1958 மே மாதக் கலவரத்தின்போது நாட்டின் சில இடங்களிற் புகையிரதங்களே தாக்கப்பட்டன. கொழும்பிலிருந்த தமிழர் பலர் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர்.

அவர்களுட் பெரும்பாலார் மீண்டும் வந்தனர். அந்த மீட்சியைப் புகையிரதமே நடத்தியது. கால் நூற்றாண்டு கழிந்து 1983 யூலையில் நேர்ந்தது முன்னையதிலும் கொடியது. வெள்ளவத்தையின் வீடுகளும் கடைகளும் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன, பல்லாயிரவர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் விமான நிலையக் கொட்டகையிலும் அகதிகளாய்த் தங்கினர். அயலவரைத் தம் வீட்டில் மறைத்துக் காத்த சிங்களக் குடும்பங்களும் அவ்வூரில் இருந்தன. அதனையும் மறத்தல் ஆகாது. அதன் பின் பலர் வெளிநாடு சென்றனர். வடக்குப் பாதையோ 1990 யூன் மாதத்தோடு போரினால் துண்டிக்கப்பட்டது. கோட்டையில் இறங்கி மேடை மாறிய பயணம் இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு நின்றுபோயிற்று. ஆயினும் போர் மூண்ட வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோர் வேறு வழிகளால் வந்து வெள்ளவத்தையிலேயே தங்கியமையால், ஊரின் தமிழ்க் குடியிருப்புக் குறையாமற் பெருகியது.

1996 ஆம் ஆண்டு யூலை 24 ஆம் திகதி மாலை, வேலை முடிந்து வீடு திரும்புவோர் நிறைந்த வண்டியொன்று கோட்டையிலிருந்து தெற்கே புறப்பட்டது. அது வெள்ளவத்தையைக் கடந்து அடுத்த நிலையமாகிய தெகிவளையில் நின்றபொழுது, பெட்டிகளில் வைக்கப்பட்டிருந்த குண்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வெடித்தன. 64 பேர் மாண்டனர். 400 பேருக்கு மேற் காயமடைந்தனர். விடுதலைப் புலிகளே இதனைச் செய்தனர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. மாண்டவர்கள் போர்வீரர் அல்லர். பருவகாலச் சீட்டோடு வீடு திரும்பிய எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்திகளும் தொழிலாளருமே. எந்த இனத்தார் செய்த கொடுமையாயினும், அதனாற் சிதைந்தது மேற்சொன்ன எளிய நம்பிக்கையே. வீட்டு வாயிலில் விளக்கேற்றிக் காத்திருந்தோர்க்கு 1983 இன் துயரும் 1996 இன் துயரும் வேறல்ல.

மனிதர் செய்த அழிவோடு கடல் செய்த அழிவும் உண்டு. பாதை கரையை ஒட்டியே செல்வதால் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் தண்டவாளத்தின் அடிமண்ணை அரிக்கும். பெருங் கற்களைக் கொண்டு வந்து கரையிற் குவித்து அரண் செய்தல் புகையிரதத் திணைக்களத்துக்கு ஓயாத வேலை. உப்புக் காற்றினால் இரும்பு விரைவிற் துருப்பிடிக்கும். ஆணிகளும் இணைப்புகளும் அடிக்கடி மாற்றப்படவேண்டும். 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் திகதி, பூரணை விடுமுறை நாளன்று, மாத்தறைக்குச் செல்லும் வண்டி காலையில் வழமைபோல் வெள்ளவத்தைக் கரையைக் கடந்து சென்றது. காலிக்கு வடக்கேயுள்ள பெரலியாவில் ஆழிப்பேரலை அதனைப் புரட்டியது. வண்டியில் இருந்தோரும், அலைக்கு அஞ்சி அதனுள் அடைக்கலம் புகுந்தோருமாக 1,700 பேருக்கு மேல் மாண்டனரெனக் கணிக்கப்பட்டுள்ளது. உலகப் புகையிரத வரலாற்றில் அதனினும் பெரிய உயிரிழப்பு நேர்ந்ததில்லை என்பர். தெற்கே பல மைல் தூரம் தண்டவாளம் கயிறுபோல் முறுகிக் கிடந்தது. எனினும் புகையிரத ஊழியர் இரவும் பகலும் உழைத்து ஏறத்தாழ இரண்டு மாதங்களில் மீண்டும் பாதையைத் திறந்தனர். வெளிநாட்டு ஒப்பந்தக்காரரை எதிர்பாராமல் உள்ளூர்க் கைகளே அவ்வேலையைச் செய்து முடித்தமை பெருமைக்குரியது.

2009 ஆம் ஆண்டிற் போர் முடிந்தது. வடக்குப் பாதை இந்திய உதவியோடு திருத்தி அமைக்கப்பட்டு, 2014 ஒக்டோபர் 13 ஆம் திகதி யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 2015 சனவரியிற் காங்கேசன்துறை வரை சேவை நீண்டது. யாழ்ப்பாணத்து மாம்பழக் கடகம் மீண்டும் கோட்டையில் மேடை மாறியது. 2022 ஆம் ஆண்டு நாட்டில் எரிபொருட் பஞ்சம் ஏற்பட்டபோது, மோட்டார் வாகனங்களைக் கைவிட்டவர்களும் கரையோர வண்டிகளில் வந்து நெருங்கினர். காலி வீதியில் 100 ஆம் இலக்கப் பேருந்து நெடுங்காலமாகப் பாணந்துறைக்கும் புறக்கோட்டைக்கும் இடையே ஓடி வருகின்றது. 1958 இல் பேருந்துச் சேவை தேசியமயமான காலந்தொட்டுப் புகையிரதத்துக்கு அது போட்டியாகவே இருந்தது. ஆயினும் வீதி அடைபட்ட வேளையிலும் எண்ணெய் அற்ற வேளையிலும் மக்கள் நினைவிற் கொள்வது இருப்புப்பாதையையே.

குறைகள் இல்லாமல் இல்லை. காலை வண்டிகளில் நெருக்கம் மிகுதி. வாயிற் படியில் தொங்கிச் செல்வோரைக் காணாத நாளில்லை. புறநகர்ப் பாதைகளை மின்மயமாக்கும் திட்டம் பல தடவை ஆராயப்பட்டும் கைகூடவில்லை. அண்டை நாட்டில், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 ஆம் ஆண்டிலேயே மின்வண்டி ஓடத் தொடங்கியதை எண்ணும்போது இத்தாமதம் வருந்தத்தக்கதே. பாதை வழியே நடந்து கடற்கரைக்குச் செல்வோர் கவனமின்மையால் விபத்துக்குள்ளாவதும் உண்டு. இவற்றைத் திருத்துதல் பொறியியலாளர்க்கும் ஆட்சியாளர்க்கும் உரிய கடன்.

வெள்ளவத்தை நிலையத்தின் பெயர்ப்பலகையில் ஊரின் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டிருக்கின்றது. மூன்று எழுத்திலும் ஊர் ஒன்றே. வண்டி வரும் நேரமும் யாவர்க்கும் ஒன்றே. வண்டி பிந்தினால் மும்மொழியாரும் சேர்ந்தே முணுமுணுக்கின்றனர். மேற்கே கதிரவன் கடலில் இறங்கும் வேளையிற் கோட்டையிலிருந்து வரும் வண்டி நிற்கும். அலுவலகப் பையோடும், பாடசாலைப் புத்தகத்தோடும், சந்தையில் வாங்கிய மரக்கறியோடும் மக்கள் இறங்கி, ஒழுங்கைகள் வழியே வீட்டை நோக்கி நடப்பர். காட் பச்சைக்கொடி காட்ட, வண்டி தெகிவளைக்குப் புறப்படும். நாட்டின் நலத்தை அளந்தறியப் பல அளவுகோல்கள் உண்டு. காலையிற் போனவர் யாவரும், எம்மொழி பேசுவோராயினும், மாலையில் அச்சமின்றித் திரும்பி வருகின்றனரா என்பதும் அவற்றுள் ஒன்று. அதனை நாள்தோறும் அறிந்து சொல்வது இச்சிறு நிலையத்தின் மேடையேயாம்.